பதிவேடுகளைத் திறந்து பாருங்கள்: உயர்நிலைப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். 26 ஆண்டுகள் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் சமத்துவ உறுதிமொழிகளை மாணவர்களோடு வரிசையில் நின்று எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. காலைக் கூட்டத்தில் கையை நீட்டி, யாரிடமும் பாகுபாடு பார்க்க மாட்டேன் என்று உரத்துச் சொல்லி முடித்த கையோடு வகுப்புக்குப் போவோம். பிள்ளைகள் அவரவர் பழைய இடத்தில் பழைய துணையோடு உட்காருவார்கள். நானும் வழக்கமாகக் கேள்வி கேட்கும் அதே முகங்களைப் பார்த்துப் பாடத்தைத் தொடங்குவேன். உறுதிமொழி பொய்யில்லை. ஆனால் அது பள்ளியின் அன்றாட நடைமுறைகளில் ஒன்றையும் தொடவில்லை. சமத்துவம், பன்மைத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல் என்ற மூன்று சொற்களைத் தலைப்பாக வைத்து நீங்கள் இந்த ஆண்டும் ஒரு கொள்கை அறிக்கை எழுதப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் ஒரு வேலையைச் செய்யுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளைத் திறந்து, யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு எது விழுந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படிக் கேட்கும் துணிவு என் சொந்தக் குற்றத்திலிருந்து வந்தது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணியில் பாதித் தொலைவைக் கடந்திருந்த சமயம், சக ஆசிரியை ஒருவர் என் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் ஒரு பாடவேளை முழுதும் உட்கார்ந்திருந்தார். கையில் வகுப்பின் இருக்கை வரைபடம். நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. விடை தவறினால் நான் காத்திருந்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. காத்திருக்காமல் அடுத்தவரிடம் போய்விட்டால் வெறும் கோடு. இவ்வளவுதான் அவர் செய்தது. மணி அடித்ததும் தாளை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். கோடுகளில் பாதிக்கு மேல் மூன்று பெஞ்சுகளுக்குள் குவிந்திருந்தன. சன்னலோர வரிசையில் ஒரு கோடுகூட இல்லை. அதைவிட என்னை உறுத்தியவை புள்ளிகள்தாம். நன்றாகப் படிப்பார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்த பிள்ளைகள் தடுமாறியபோது காத்திருந்திருக்கிறேன். மற்றவர்கள் தடுமாறியபோது, அவர்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உடனே வேறு முகத்துக்குத் தாவியிருக்கிறேன். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், எந்த வீடுகளிலிருந்து வருபவர்கள் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது, எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை. நான் யாரையும் வெறுத்ததில்லை. யாரையும் தகாத சொல்லால் அழைத்ததும் இல்லை. என் மனச்சாட்சியைக் கேட்டிருந்தால் அது எனக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கும். அந்தத் தாளோ கொடுக்கவில்லை.

“எங்கள் பள்ளியில் பாகுபாடே கிடையாது” என்று சொல்லும் தலைமை ஆசிரியர்களை நான் பொய்யர்கள் என்று எண்ணாததற்கு இதுவே காரணம். அவர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்க்காத வரையில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எண்ண வேண்டியவற்றுள் முதலாவது, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசு அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அந்நாட்டு அரசுப் பள்ளிகளின் 2013-14 கல்வியாண்டுக் கணக்கை எடுத்துக்காட்டியது. மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5%, ஆனால் இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் ஏறத்தாழ 39%. பள்ளி ஏழைகள் மிகுந்ததா, வசதி படைத்ததா என்ற வேறுபாடின்றி இந்த ஏற்றத்தாழ்வு காணப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளை அதிகம் தண்டியுங்கள் என்று எந்தப் பள்ளியின் விதியும் சொல்லவில்லை. அப்படியானால் இது எங்கே நுழைகிறது? ரசல் ஸ்கிபா என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தந்தது. வெள்ளையின மாணவர்கள் பெரும்பாலும் புகைபிடித்தல், பொருளை உடைத்தல் போன்ற, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய குற்றங்களுக்காகத் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டார்கள். கறுப்பின மாணவர்களோ மரியாதைக் குறைவு, மிகுந்த சத்தம், மிரட்டும் தோரணை போன்ற, பார்ப்பவரின் தீர்ப்பைப் பொறுத்த குற்றங்களுக்காக அனுப்பப்பட்டார்கள்.

அது அந்த நாட்டின் கதை. இனப் பாகுபாட்டின் நெடிய வரலாறு அதன் பின்னே இருக்கிறது. ஆனால் “மரியாதைக் குறைவு” என்ற அந்த ஒரு சொல் எந்தப் பதிவேட்டில்தான் இல்லை? சாதியோ மதமோ நிறமோ மொழியோ வறுமையோ, எந்த அடிப்படையில் மக்கள் ஒருவரையொருவர் தாழ்வாகப் பார்க்கப் பழகியிருக்கிறார்களோ, அந்தப் பார்வை பள்ளிக்குள் நுழையும் கதவு இந்தச் சொல்தான். ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டால் ஆர்வம். இன்னொரு பிள்ளை அதே குரலில் ஏன் என்று கேட்டால் திமிர். எனவே கடந்த இரண்டு ஆண்டுகளின் பதிவுகளை எடுத்து, கண்ணால் கண்ட செயல்கள் ஒரு பக்கமும் தீர்ப்புச் சொற்கள் மறுபக்கமுமாகப் பிரித்து, இரண்டாம் பக்கத்தில் யார் யார் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். இனி எழுதும்போது “மரியாதையின்றி நடந்தான்” என்று எழுதாமல், அவன் சொன்னது என்ன, செய்தது என்ன என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முயலும்போதே சில புகார்கள் வலுவிழந்து விழுந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கை குழந்தையின் மனித மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று 1989-இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு கூறுகிறது. அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதைக் காட்டிலும் பதிவேட்டின் ஒரு பத்தியை மாற்றுவது பயன் தரும்.

அடுத்தது வகுப்புப் பிரிவுகள். மதிப்பெண் வரிசைப்படி பிள்ளைகளைப் பிரித்து, நல்ல மதிப்பெண்காரர்களை ஒரு பிரிவிலும் “மெல்லக் கற்போர்” என்று பெயர் சூட்டி மற்றவர்களை இன்னொரு பிரிவிலும் உட்கார வைக்கும் பழக்கத்துக்கு நானும் பல ஆண்டுகள் துணை போனேன். பாடம் நடத்த வசதி என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிய பிறகு ஆண்டு முழுவதும் உரிந்து வராது. கடைசிப் பிரிவுக்குப் பெரும்பாலும் புதிதாக வந்த ஆசிரியரே போவார். அங்கே கடினமான கணக்குகள் “இவர்களுக்குத் தேவையில்லை” என்று தாண்டப்படும். தாண்டப்பட்ட கணக்கு தேர்வில் வரும்போது, பார்த்தீர்களா, இவர்களால் முடியவில்லை என்போம். ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் 1960-களில் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடத்திய சோதனை நினைவுக்கு வருகிறது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டு மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டின் இறுதியில் அந்தப் பிள்ளைகள், குறிப்பாகச் சிறிய வகுப்புகளில், மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அந்த விளைவின் அளவு குறித்து ஆய்வாளர்களிடையே நெடிய வாக்குவாதம் உண்டு. அதை மிகைப்படுத்துவோரும் உண்டு. ஆயினும் எதிர்பார்ப்பு என்பது ஆசிரியரின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை, அது காத்திருக்கும் நொடிகளாகவும் கொடுக்கும் கணக்குகளாகவும் வெளியே வருகிறது என்பதை என் இருக்கை வரைபடத்துக்குப் பிறகு நான் ஐயுறவில்லை.

பிரிக்காமல் நடத்தினால் தரம் குறையும் என்பது நிர்வாகக் கூட்டங்களில் தவறாமல் எழும் அச்சம். பின்லாந்து 1970-களில் தன் பள்ளிகளைப் பொதுப் பள்ளிகளாக மாற்றியபோது, கணிதத்திலும் மொழிகளிலும் மட்டும் திறன்வாரிக் குழுக்களை விட்டுவைத்திருந்தது. 1985-இல் அவற்றையும் கைவிட்டது. 2000-இல் தொடங்கிய பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் முதல் சுற்றுகளில் அந்த நாடு முன்வரிசையில் நின்றதை நீங்கள் அறிவீர்கள். பிரிவுகளை நீக்கியதுதான் வெற்றிக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் பயிற்சியும், பின்தங்கும் பிள்ளைக்குத் தாமதமின்றிக் கிடைக்கும் கூடுதல் உதவியும் அங்கே பெரும்பங்கு வகித்தன. ஆனால் நீக்கினால் சரிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது என்பது உண்மை.

ஒன்றாக உட்கார வைத்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. இந்த இடத்தில் நல்லெண்ணம் கொண்ட பள்ளிகளும் வழுக்கி விழுகின்றன என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். வெவ்வேறு குழுவினர் பழகினால் வெறுப்புக் குறையுமா என்ற கேள்விக்கு, உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் நான்கு நிபந்தனைகளை முன்வைத்தார். பழகும் இடத்தில் இருவருக்கும் சம நிலை இருக்க வேண்டும். ஒரு பொது நோக்கம் வேண்டும். அதை எட்ட ஒருவருக்கு ஒருவர் ஒத்துழைக்க வேண்டும். மேலே உள்ளவர்கள் அந்தப் பழக்கத்துக்கு வெளிப்படையாக ஆதரவு காட்ட வேண்டும். 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006-இல் வெளியான தொகுப்பாய்வு, நிபந்தனைகள் முழுமையாக இல்லாத இடத்திலும் பழக்கம் வெறுப்பைக் குறைக்கவே செய்கிறது, இருக்கும் இடத்தில் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்றது. இப்போது நம் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரு பிள்ளைகளுக்கு என்ன பொது நோக்கம் கொடுத்திருக்கிறோம்? தர வரிசைப் பட்டியலைக் கொடுத்திருக்கிறோம். ஒருவர் முன்னேற இன்னொருவர் பின்தங்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குள் நட்பை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று உபதேசமும் செய்கிறோம்.

1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளை ஒன்றுசேர்த்தபோது வகுப்பறைகளில் கைகலப்பு மூண்டது. பள்ளி நிர்வாகம் எலியட் அரான்சன் என்ற உளவியலாளரை அழைத்தது. அவர் பிள்ளைகளுக்கு அன்பைப் போதிக்கவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஐந்தாறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு பிள்ளையிடம் பாடத்தின் ஒரு துண்டு மட்டும் இருக்கும். மற்றவர் சொல்லிக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிட்டும். இதை நான் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடுகளுக்குப் பயன்படுத்தினேன். நால்வர் கொண்ட குழு. ஒருவருக்குக் காரணிப்படுத்தல், ஒருவருக்கு வர்க்கப் பூர்த்தி, ஒருவருக்குச் சூத்திரம், ஒருவருக்கு வரைபடம். ஒரே முறையைப் பெற்ற பிள்ளைகள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்துவந்து ஒரு மூலையில் கூடி, அதைத் தங்களுக்குள் போட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எட்டு மாதமாக என் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்திராத ஒரு மாணவிக்கு வர்க்கப் பூர்த்தி முறை போய்ச் சேர்ந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல, வகுப்பின் முதல் மாணவன் குறுக்கிட்டுக் குறுக்கிட்டு அவசரப்படுத்தினான். அவளோ நிறுத்தி, “இரு, x-இன் கெழுவைப் பாதியாக்கி வர்க்கப்படுத்து என்றேன், நீ பாதியாக்கவே இல்லை” என்றாள். அவன் நோட்டைப் பார்த்தான்; ஆமாம், பாதியாக்கவில்லை. அந்த நொடியில் அங்கே நிலவிய சம நிலையை எந்தச் சொற்பொழிவாலும் என்னால் உண்டாக்கியிருக்க முடியாது. எல்லா நாளும் இப்படி நடந்தது என்று கதை அளக்க மாட்டேன். சில நாள்களில் கூச்சலும் குழப்பமும்தான் மிஞ்சின. பாடப்பகுதி முடியவில்லையே என்று மேலிடத்தில் திட்டும் வாங்கினேன். அந்தத் திட்டு விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. ஆல்போர்ட்டின் நான்காம் நிபந்தனை நீங்கள்தான்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நாம் கருணைக்குத் தாவிவிடுகிறோம். 1994 ஜூனில் ஸ்பெயின் நாட்டின் சாலமான்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள், பொதுப் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006-இல் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை ஒருபடி மேலே போய், நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று வரையறுத்தது. அதாவது, நாங்கள் அந்த மாணவியைச் சேர்த்துக்கொண்டோம், வேறு யாரையும் போலவே நடத்துகிறோம் என்பது விடையாகாது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருக்கும்போது ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தால், வேறு யாரையும் போல நடத்துவதுதான் அங்கே அநீதி. வாயிலில் சாய்தளம் கட்டிப் புகைப்படம் எடுத்துவிட்டு, கால அட்டவணையைத் தயாரிக்கும்போது அந்த வகுப்பின் அறையைத் தரைத்தளத்துக்கு மாற்ற மறந்த பள்ளியை நான் அறிவேன். கட்டடம் கட்டப் பணம் வேண்டும். அறையை மாற்றப் பென்சிலும் அழிப்பானும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத தேவைகள் இன்னும் எளிதாகத் தவறிப்போகின்றன. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாமை வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு உண்டு. பிற மக்களிடையே இந்த விகிதம் சற்றுக் குறைவு என்றாலும், கூட்டம் மிகுந்த எந்த ஆண்கள் பள்ளியிலும் இப்படிப் பலர் இருப்பார்கள். அவர்களில் சிலருக்கே அது தெரியாது. வரைபடத்தில் ஒரு கோட்டைச் சிவப்பிலும் மற்றதைப் பச்சையிலும் வரைந்துவிட்டு, இரண்டும் வெட்டும் புள்ளியைச் சொல் என்று நான் கேட்டிருக்கிறேன். விழித்தவனைக் கவனமில்லாதவன் என்று கடிந்துமிருக்கிறேன். ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். பத்தில் ஒருவராக இருக்கும் இடக்கையர்களுக்கு வலக்கைப் பலகை பொருத்திய நாற்காலியைத் தேர்வறையில் கொடுப்பதும் இந்த வகைதான். தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ தேவைப்படும் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் எந்த மேசையில் எத்தனை நாள் தேங்குகின்றன என்பதையும் தேதி வாரியாகப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் உரக்க வாசித்து எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது இன்றே நிற்க வேண்டும். எட்டுப் பேர் எழுந்து நிற்க முப்பது பேர் உட்கார்ந்து பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் பள்ளி கற்றுக்கொடுக்கும் பாடம் வேறு எந்தப் பாடத்தையும்விட ஆழமாகப் பதிகிறது. கல்விச் சுற்றுலாவுக்கு வரவில்லை என்று சொல்லும் பிள்ளைகளின் பட்டியலையும் ஐந்தாண்டுக்கு எடுத்துப் பாருங்கள். அது விருப்பமின்மையின் பட்டியல் அன்று என்பது முதல் பக்கத்திலேயே புரியும்.

மாணவிகள் விஷயத்தில் நான் கேட்பது மூன்றே எண்கள். பூட்டாத கழிப்பறைகள் எத்தனை, மாதத்தில் எத்தனை நாள் ஒரே பெண் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விடுப்பு எடுக்கிறார்கள், விளையாட்டு மைதானம் வாரத்தில் எத்தனை பாடவேளை அவர்கள் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்து 2018 முதல் பள்ளி, கல்லூரிகளில் நாப்கின் உள்ளிட்டவற்றை இலவசமாகக் கிடைக்கச் செய்து, 2021-இன் சட்டத்தால் அதைக் கட்டாயக் கடமையாகவும் ஆக்கியது. அலுவலக அறையில் ஆண் எழுத்தரிடம் பெயர் சொல்லிக் கையெழுத்திட்டு வாங்கும்படி வைத்தால், இலவசமும் இல்லாததும் ஒன்றுதான். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ள முடியாமல் தவிக்கும் பிள்ளைகளும் உயர்நிலை வகுப்பில்தான் அந்தத் தவிப்பை முழுமையாக உணர்கிறார்கள். அவர்களை எந்த வரிசையில் நிற்பாய் என்று கூட்டத்தில் வைத்துக் கேட்காத ஆசிரியர் ஒருவர் கிடைத்தாலே அவர்கள் படிப்பைத் தொடர்வார்கள். சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பும் பழக்கத்தையும் இத்தோடு சேர்த்துப் பாருங்கள். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று அச்சிட்டால் மை கூடுதலாகச் செலவாகாது.

பெயரையும் மொழியையும் குறித்து நான் அதிகம் எழுதப் போவதில்லை. புதிதாக வந்த பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடினமாக இருக்கிறது என்று சுருக்கி வேறு பெயர் வைக்காதீர்கள். வீட்டு மொழியின் வாடை பேச்சில் வீசினால் அதைப் பார்த்துச் சிரிக்கும் முதல் ஆள் ஆசிரியராக இருக்க வேண்டாம். ஆசிரியரின் ஒரு நகைச்சுவை, மதிய இடைவேளைக்குள் பட்டப்பெயராகிவிடும்.

இனி, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்ற கேள்வி. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு கூடியது. கைச்சைகையைவிட வாய்ப்பேச்சுப் பயிற்சியே உயர்ந்தது என்று அது தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். அதன் பிறகு பல நாடுகளில் சைகைமொழி வகுப்பறையிலிருந்து துரத்தப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலையை இழந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தங்கள் இயல்பான மொழி இல்லாமல் படித்தார்கள். 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடரின் அமர்வு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள். மிலானில் கூடியவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகளின் நலனைத்தான் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளைக் கேட்காமல் பேசினார்கள்.

தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்று குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்வதைப் புகார்ப்பெட்டி வைப்பதோடு நிறைவேற்றிவிட்டதாக நாம் கருதுகிறோம். பெட்டி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரே, எல்லாரும் பார்க்கும் இடத்தில். காகிதத்தோடு அதன் அருகே போகும் பிள்ளை அந்த மாலையே யாரைப் பற்றி எழுதினாய் என்ற விசாரணைக்கு ஆளாவாள். பெட்டி ஆண்டு முழுவதும் காலியாக இருப்பதை, குறையே இல்லை என்பதற்குச் சான்றாக ஆண்டறிக்கையிலும் சேர்ப்போம். பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் தனித்தனியே, பெயர் எழுதாத தாளில், இந்தப் பள்ளியில் நீ போக அஞ்சும் இடம் எது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கழிப்பறை, பேருந்தின் பின்வரிசை, மைதானத்தின் ஒரு மூலை, ஒரு குறிப்பிட்ட பாடவேளை என்று விடைகள் வரும். பள்ளி வரைபடத்தில் அவற்றைக் குறித்துப் பார்த்தால், எந்த இடத்தில் எந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

எண்ணச் சொல்கிறேனே தவிர, பிள்ளைகளின் பின்னணியைப் பலகையில் எழுதச் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். யார் எந்தச் சாதி, எந்த மதம், எந்த வருமானம் என்ற விவரம் வகுப்பாசிரியரின் கைத்தாளாகச் சுற்றக் கூடாது. ஒருவர் அல்லது இருவர் மட்டும் பார்க்கும் கணக்காக, பெயர் நீக்கிய தொகையாக வெளியே வர வேண்டும். ஒரு பிரிவில் மூன்றே பிள்ளைகள் இருந்தால் அந்த எண்ணை வெளியிடுவதே அவர்களைக் காட்டிக் கொடுப்பதாகிவிடும். இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகள், 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, ஆண்டுதோறும் தகவல் வெளியிடவும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது சமத்துவ இலக்கு ஒன்றையேனும் அறிவிக்கவும் கடமைப்பட்டவை. அந்த இலக்கு குறிப்பிட்டதாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கேயும் பல பள்ளிகள் இதைச் சடங்காக்கிவிடுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. சடங்காக்க முடியாத விதி இன்னும் எழுதப்படவில்லை. என்றாலும் “அனைவரையும் சமமாக நடத்துவோம்” என்பதற்கும் “ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டின் தீர்ப்புச் சொற்களை அடுத்த ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்போம்” என்பதற்கும் உள்ள தொலைவை நீங்கள் அறிவீர்கள். இரண்டாவதை எழுதினால் அடுத்த ஆண்டு யாராவது கணக்குக் கேட்க முடியும்.

ஆசிரியர்களின் மீது மேலும் ஒரு சுமையா என்று கேட்பீர்கள். அறுபது பிள்ளைகளை ஒரு வகுப்பில் அடைத்துவிட்டு ஒவ்வொருவர் மீதும் கண் வை என்று சொல்வது கொடுமைதான். அதை நானே அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் புதிய படிவம் எதையும் கேட்கவில்லை. என் சக ஆசிரியை செய்தது போல ஒருவர் வகுப்பில் இன்னொருவர் பருவத்துக்கு ஒருமுறை உட்காரட்டும். அந்தத் தாள் வகுப்பெடுத்த ஆசிரியரிடம் மட்டும் போகட்டும். உங்கள் கைக்கு வர வேண்டாம், பதவி உயர்வுக் கோப்பில் சேரவும் வேண்டாம். அது மேலிடத்துக்குப் போகும் என்று தெரிந்திருந்தால் நான் அன்று சன்னலோர வரிசையிடம் பத்துக் கேள்விகள் கேட்டு நாடகமாடியிருப்பேன். உங்கள் நிர்வாகக் குழுவின் கூட்டத்தையும் ஒருமுறை இவ்வாறே பதிவு செய்து பாருங்கள். மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள், யார் ஒருபோதும் இருந்ததில்லை, இருப்பவர்களில் யார் பேசுகிறார்கள், யாருடைய பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறது என்பதைக் கோடுகளாகப் போட்டால் ஒரு தாளில் அடங்கிவிடும்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் நான் கேட்பவை இரண்டு. ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டின் இரண்டாண்டுக் கணக்கு, பெயர்கள் நீக்கப்பட்டு, பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். ஆசிரியர் அறையில் இருக்கை வரைபடத்தின் வெற்றுப் படிகள் ஒரு கட்டு, கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட வேண்டும். என் பழைய தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மை மங்கிவிட்டது, சன்னலோர வரிசையின் வெற்றுக் கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்த வரிசையின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தவனின் பெயரை நினைவுகூர முயன்று இந்த மடலை எழுதும் இந்த நாள் வரை தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர்